காட்டுக்குப் போதல்

தொப்பூர் கணவாயில் பேருந்து மூச்சுவாங்க ஏறிக்கொண்டிருந்தபோது வழிகாட்டித் தம்பி மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அன்றைய விதிகளைச் சொன்னான். "ஏதாச்சும் மிருகம் கண்ணுல பட்டா 'நிறுத்து'ன்னு ஒரு சத்தம் குடுங்க. டிரைவர் அண்ணன் நிறுத்திடுவாரு. யாரும் கீழ எறங்கக் கூடாது. குரங்குக்கெல்லாம் கத்தாதீங்க. குரங்குக்கு நிறுத்துனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்." வண்டி மொத்தமும் சிரித்தது. எனக்குப் பின்னிருக்கையில் இருந்த ஆயா மட்டும் சிரிக்கவில்லை. தாரமங்கலத்துப் பக்கமிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்தார். மடியில் புளிசாதத் தூக்கு. "மிருகத்தப் பாக்கறதுக்கா இவ்வளவு காசு?" என்று மகளிடம் கேட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பிறந்தது பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில். சேலத்துக்குக் குடிவந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் சுற்றுலாவுக்கான தாள் ஒட்டியிருந்தார்கள். வடதமிழகத்தின் அடர்வனத்தில் ஒருநாள், மீன் சாப்பாடு உட்பட என்று போட்டிருந்தது. அந்த அடர்வனம் என்னுடைய மாவட்டம் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளிப் பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருப்பது போன்ற ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்காகவே பணம் கட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் அக்காள் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அலாஸ்காவில் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து காணொளிகளாக அனுப்பித் தள்ளினான். 92 மைல் நீளத்துக்கு ஒரே ஒரு சாலை. 1972-லிருந்து முதல் 15 மைலுக்கு அப்பால் சொந்தக் கார்களை விடுவதில்லையாம், பேருந்தில்தான் போகவேண்டும். அங்கேயும் இதே விதிதான்: மிருகத்தைக் கண்டவர் குரல் கொடுத்தால் ஓட்டுநர் நிறுத்துவார். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கரடி, பழுப்புப் புள்ளியாக, செடியில் எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. பேருந்துக்குள் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் காணொளியில் நன்றாகக் கேட்டது. 2021-ல் விழுந்த நிலச்சரிவுக்குப் பிறகு பாதி வழியோடு திரும்பிவிடுகிறார்கள் என்று குறைப்பட்டான். "அந்த ஜனங்க எங்கடா?" என்று கேட்டேன். "எந்த ஜனங்க மாமா?" என்றான். டெனாலி என்ற பேரே அங்கிருந்த அத்தபாஸ்கன் மக்கள் வைத்தது. உயர்ந்தது என்று பொருள். பேர் வைத்தவர்கள் அந்தக் காணொளிகளில் எங்கும் இல்லை. அது ஒரு முள்ளாக எனக்குள் கிடந்தது.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் முக்கால் மணி நேரம். தேய்பிறை அஷ்டமி இல்லாத நாள் என்பதால் கூட்டமில்லை. வழிகாட்டி அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவை, நெல்லிக்கனி மூன்றையும் நாலு நிமிஷத்தில் முடித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் தமிழாசிரியர்களும் அதே நாலு நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார்கள்.

தருமபுரி நகரத்துக்குள் வண்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைக் காட்டியிருக்கலாம். தகடூர் என்ற பழைய பேருள்ள எங்கள் தருமபுரி நாடு நடுகற்களின் நாடு. கையில் வில்லோ வாளோ பிடித்து ஒருவன் நிற்பான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், சிலவற்றில் எதிரே புலி பாயும். எழுத்துள்ள கற்களில் இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை மீட்கப்போய் இறந்தான் என்று வட்டெழுத்தில் நாலைந்து வரி. தொறு என்றால் மாட்டு மந்தை. இந்த மண்ணில் சாதாரண மனிதனைப் பற்றிக் கல்லில் எழுதத் தொடங்கியபோது எழுதியது மாட்டைப் பற்றித்தான். பள்ளியிலிருந்து ஒருமுறை எங்களை அழைத்துப் போனார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கல்லைத் தொட்டு, "இவரு எங்க தாத்தாவாட்டம் இருக்காரு" என்றான். தொடாதே என்று ஆசிரியர் அடித்தார்.

இண்டூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் ராகி முற்றி நின்றது. கார்த்திகை மாதம். கதிர் வளைந்து பழுப்பேறிக்கொண்டிருந்தது. நடுநடுவே அவரைக்கொடி, மேட்டில் கொள்ளு, வரப்போரம் புளியமரங்கள். தூரத்தில் நீலமாகக் கரடுகள். பென்னாகரத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம். ஊரின் கடைசி வீடுகள் பின்னே போனதும் வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, படத்தில் வருகிறமாதிரி ஒரு நிறுத்தம் கொடுத்துச் சொன்னான்: "இனிமே காடு."

ஆயா உடனே கேட்டார்: "அப்ப இவ்வளவு நேரம் வந்தது என்னா கண்ணு?"

பேருந்து மறுபடி சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். சேலம், தருமபுரிப் பேச்சில் காடு என்பது மானாவாரி நிலம். உழுது, விதைத்து, மழைக்கு அண்ணாந்து பார்த்து, களை எடுத்து, அறுக்கிற இடம். "அப்பா எங்கடா?" என்றால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்போம். அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். ரெண்டு ஏக்கரா காடு இருக்கிறது என்று பெண் கேட்டு வருவார்கள். மேட்டுக்காடு, ராகிக்காடு, கொள்ளுக்காடு. (காலைக்கடனுக்கும் காட்டுக்குப் போவதுதான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், எங்கள் அப்பா தினமும் காட்டுக்குப் போவார் என்று சொல்லி விடுதி மொத்தமும் சிரித்தபோதுதான், சில ஊர்களில் அந்த ஒரு பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.) மரமும் மிருகமும் இருக்கிற இடத்துக்கு வேறு சொற்கள் உண்டு. மலை என்போம், கரடு என்போம். பாட்டிகள் வனாந்தரம் என்பார்கள். பொதுவாக ஊரில் புழங்குவது இன்னொன்று: பாரஸ்ட்டு. அந்த ஒரே சொல் இடத்தையும் குறிக்கும், ஆளையும் குறிக்கும். "பாரஸ்ட்டுல மாடு மேய்ச்சான், பாரஸ்ட்டு புடிச்சிக்கிச்சு" என்றால் யாருக்கும் குழப்பமிருக்காது. 1882-ல் மதராஸ் வனச்சட்டம் வந்து எல்லைக்கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் ரிசர்வு, இந்தப் பக்கம் காடு. எங்கள் காட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட ஒரு துண்டுக்கு வெள்ளைக்காரன் பேர் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். வழிகாட்டித் தம்பி மேச்சேரிக்காரன். அவன் அப்பாவும் காட்டுக்குப் போகிறவராகத்தான் இருக்கவேண்டும். மைக்கைப் பிடித்ததும் அந்தச் சொல் அவன் வாயில் இடம் மாறிவிட்டது.

மடம் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கியது. இந்த இறக்கத்தை என்னால் லேசாகக் கடக்க முடியாது. ஒகேனக்கல் காடு எப்போதும் பசுமையான காடு அல்ல. வறண்ட இலையுதிர் காடு. வெளியூர்க்காரர்களுக்கு இது ஏமாற்றம். என் முன்னிருக்கைக்காரர் மனைவியிடம், "இதுல என்னா இருக்கு, எல்லாம் முள்ளு" என்றார். வெக்காலி, உசில், ஆச்சா, பொரசு, மூங்கில் புதர், அடியில் எங்கும் உண்ணிச்செடி. ஆச்சா மரத்தின் இலை இரட்டையாக இருக்கும், பசுவின் குளம்பை வெட்டி ஒட்டியது போல. கோடையில் எல்லாம் கருகி நிற்கும்போதும் அதில் கொஞ்சம் பச்சை இருக்கும், தழையை மாட்டுக்கு வெட்டிப்போடுவார்கள். மழை முடிந்த கார்த்திகையில் மலை முழுக்க ஒரு மங்கிய பித்தளை நிறம். வெயில் அதன்மேல் விழும்போது கண் கூசாது, உள்ளே இழுக்கும். நான் அப்பாவோடு சைக்கிளில் இந்தச் சாலையில் இறங்கியிருக்கிறேன். பிரேக் கட்டைகள் சூடேறி நாறும். பாதியில் நிறுத்திக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில் கேட்ட அமைதி அன்றைக்குக் குளிர்சாதனப் பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. உள்ளே பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மிருகம் எதுவும் வரவில்லை. குரங்குகள் வந்தன. ஒரு சிறுவன் "மான்!" என்று கத்தினான், வண்டி நின்றது, பார்த்தால் நெடுஞ்சாலைத்துறையின் காவிநிறப் பலகை. அப்போதுதான் வழிகாட்டி வீரப்பனை எடுத்தான். எடுப்பான் என்று எனக்குத் தெரியும். காட்டில் மிருகம் வராவிட்டால் வீரப்பன் வரத்தானே வேண்டும். மீசை, தந்தம், சந்தனக்கட்டை, கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்சில் வைத்துச் சுட்டது. தம்பி நன்றாகவே சொன்னான், கை தட்டினார்கள். அதே பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா 1925-ல் செத்தார். சிறையில் வாங்கிய தொழுநோயோடு, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்ற தீராத கனவோடு. நாங்கள் போன வழியிலிருந்து அது சில கிலோமீட்டர்தான். அந்த ஊரில் நடந்த இரண்டு சாவுகளில் ஒன்றுதான் சுற்றுலாவுக்கு ஆகிவருகிறது.

சந்தனம் என்றதும் எனக்கு வேறு ஊர் ஞாபகம் வந்தது. மாவட்டத்தின் இன்னொரு முனையில், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதைச் சுற்றுலாப் பேருந்தில் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. புளிசாதத்தோடு வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? வீரப்பனைச் சொல்ல முடிகிறது, இதைச் சொல்ல முடிவதில்லை. ஒன்று கதையாகிவிட்டது. மற்றொன்றில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோட்டூர் மலையும் இதே பென்னாகரம் வட்டத்தில்தான். சாலை இல்லாமல் கிடந்த அந்த ஊருக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப்போகும் படம் செய்தித்தாளில் வந்ததுண்டு. அந்தப் படத்தைப் பார்த்து ஜனநாயகம் வாழ்க என்று சொல்லத் தோன்றியதில்லை. பிரசவ வலி வந்தால் எதன் முதுகில் என்றுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. ஒருநாள் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தார்ச்சாலை அருவி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் எண்ணெய் வாசனை. மசாஜ் செய்கிறவர்கள் வழிமறித்தார்கள், மீன் பொரிக்கிறவர்கள் கையைப் பிடித்தார்கள். கட்லாவோ வாளையோ கடையில் நாமே வாங்கி, அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயார். இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும். எந்த உணவகத்திலும் கிடைக்காத ஒரு உரிமை அதில் இருக்கிறது: "இன்னும் கொஞ்சம் காரம் போடுங்கக்கா" என்று அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லலாம்.

ஹொகே என்றால் கன்னடத்தில் புகை. புகைகிற கல். பாறையில் விழுந்து தண்ணீர் புகையாக எழுவதால் அந்தப் பேர். 'ரோஜா' படத்தில் வந்த அருவி இதுதான் என்று வழிகாட்டி சொன்னதும் பெண்கள் முகத்தில் ஒரு வயசு குறைந்தது. தொங்கு பாலத்தில் நின்று பார்த்தேன். மழைக்காலச் செம்மண் நிறம் தெளிந்து, தண்ணீர் பச்சைக்கு வந்திருந்தது. கரையில் நீர்மருதுகள் வெள்ளைத் தண்டோடு வேரைத் தண்ணீருக்குள் இறக்கி நின்றன. கட்டுக்கடங்காத ஆறு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

கட்டுக்கு அடங்கிய ஆறுதான். பரிசலில் ஏறியபோது பரிசல்காரரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். ஊட்டமலைக்காரர், அறுபது வயசிருக்கும். "கன அடி கொறஞ்சிருக்குதுங்க, ஓட்டலாம். போன ஆடியில ஒரு மாசம் தடை. துடுப்ப மூலையில சாத்திட்டு உக்காந்திருந்தோம்." அவர் வானத்தைப் பார்த்துப் பேசவில்லை. கபினியில் எவ்வளவு திறந்தார்கள், கிருஷ்ணராஜசாகரில் எவ்வளவு, பிலிகுண்டுலுவில் காலை எட்டு மணி அளவு என்ன, இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு வந்தது என்பதற்கு அங்கே எழுதும் எண்தான் சாட்சி. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி.யும் அந்த இடத்தில்தான் கணக்கு. கீழே மேட்டூர் 1934-லிருந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. மேலே அணைகள், கீழே ஓர் அணை. நடுவில் இந்தப் பாறைகளின் இடுக்கில் மட்டும் ஆறு தன் இஷ்டத்துக்குக் குதிக்கிறது. குதிப்பதற்கான தண்ணீரை ஒரு பொறியாளர் கதவைத் திருகி அனுப்புகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பரிசல்காரரின் அடுப்பு எரிவது அந்தக் கதவின் திருகலில் என்பதை அவர் சொல்லித்தான் நான் உணர்ந்தேன்.

அந்தத் தண்ணீருக்கும் என் பல்லுக்கும் சம்பந்தமுண்டு. சிரித்தால் என் மேல்வரிசையில் பழுப்புக் கோடுகள் தெரியும். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் உண்டு. வெற்றிலை போடுகிறாயா என்று கல்லூரியில் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. முதலில் பல்லைப் பிடிக்கும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். எங்கள் பெரியம்மா கடைசிக் காலத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் பேசுவார். முதுகு வளைந்ததெல்லாம் வயசின் கணக்கில் எழுதப்பட்டது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் ஏற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொடுக்கிற கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவி, 1928.80 கோடி ரூபாய், 2013 மே மாதம் தொடக்கம். கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்ததும் நினைவிருக்கும். நான் சுற்றிப் பார்க்க வந்த இடங்களில் எனக்குக் கும்பிடத் தோன்றியது அந்த நீரேற்று நிலையத்தைத்தான். வழிகாட்டி அதைக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் யாரும் படமெடுத்திருக்க மாட்டார்கள்.

பரிசல் மணல்திட்டுப் பக்கம் திரும்பியபோது எதிர்க்கரையைக் காட்டி, அது கர்நாடகா என்றார் பரிசல்காரர். அதே உசில், அதே வெக்காலி. இந்தக் காவிரிக்கரை ஊர் ஒன்றின் பேரில்தான் ஆலம்பாடி மாடு இருக்கிறது. கருஞ்சாம்பல் உடம்பு, முன்தள்ளிய நெற்றி, பின்னோக்கிப் போகும் கொம்பு. பால் கொஞ்சம்தான். ஆனால் கல்லுக்காட்டில் ஏர் இழுக்க அதைவிட்டால் ஆளில்லை, வறட்சியில் சருகைத் தின்றும் நிற்கும். இதை வளர்த்த முறைக்குப் பட்டி என்று பேர். காட்டுக்குள் முள்வேலி கட்டிப் பட்டி போட்டு, மாதக்கணக்கில் மாட்டோடு மாடாக ஆட்கள் இருப்பார்கள். ஊரில் பலருடைய மாடுகளும் ஒரு பட்டியில் கிடக்கும். உழவு வந்ததும் இறக்கிக்கொள்வார்கள். டிராக்டர் வந்து பாதியைக் குறைத்தது. 2022 மார்ச்சில் வனங்களில் மாடு மேய்க்க உயர்நீதிமன்றம் தடை விதித்தது, பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அதே வருஷம் நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2014-லேயே காவிரி வடக்கு வந்துவிட்டது. யானைகளுக்கு இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. கர்நாடகச் சரணாலயங்களோடு தொடர்பு அறாமல் நீளமாக நடக்க இடம் வேண்டும் அவற்றுக்கு. மாட்டுக்கு என்ன செய்தி என்று யோசித்தால் விடை சுலபமாக இல்லை. காரிமங்கலத்தில் ஆலம்பாடி இன ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள். இனத்தைக் காப்பாற்ற ஒரு கட்டடம், அது மேய்ந்த இடத்தைக் காப்பாற்ற ஒரு சட்டம். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்தவை. இரண்டுக்கும் நடுவில் மாடு எங்கே நிற்கும் என்பதை இரண்டு அலுவலகமும் கூடி உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலைப் பண்ணை. முதலைகள் கல்லாகக் கிடந்தன. "செத்துப்போச்சா?" என்று ஆயா கேட்க, "இல்ல ஆயா, அது அப்பிடித்தான்" என்றான் தம்பி. "நம்மூரு ஆம்பளைங்களாட்டம்" என்றார் ஆயா. அன்றைய சுற்றுலாவில் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மலையேறும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எதிரே டவுன் பஸ் ஒன்று இறங்கி வந்தது. இதே சாலையில் தினமும் பல நடை போய்வருகிற பஸ். உள்ளே பள்ளிச் சீருடைகள், தலைச்சுமைப் பெண்கள். ஒரு வளைவில் அது நிற்க ஒரு பெண் இறங்கினார். அங்கே வீடு இல்லை, பலகை இல்லை, நிழற்குடை இல்லை. மூங்கில் புதருக்கு இடையே ஓர் ஒற்றையடித் தடம். பையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் நடந்து மறைந்தார். எங்கள் வண்டியிலிருந்து அதை யார் பார்த்தார்கள் என்று தெரியாது. "நிறுத்து" என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மடம் தாண்டி மறுபடி ராகிக்காடுகள். இருட்டத் தொடங்கியிருந்தது. பரண்களில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பன்றிக்கும் யானைக்கும் காவல். கார்த்திகையில் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும் பருவம், ராகி முற்றிய வாசனை அவற்றுக்கு எட்டிவிடும். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் ரிசர்வு என்பதை யானையிடம் யாரும் சொல்லவில்லை. ஆயாவைப் போலத்தான், அதற்கும் ராகி விளையும் இடமே காடு. 2023 மார்ச் 7 அன்று எங்கள் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு விளைநிலத்து மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக்கிடந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் உயிர்பிழைத்து, தாய்களை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. ஊரிலிருந்து போனில் சொன்னார்கள். வேலிக்கு மின்சாரம் கொடுத்தது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மூன்று மாதம் கண்விழித்த பயிர் ஒரே இரவில் போய் நின்றவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். காலையில் அவர்கள் வரப்பில் உட்கார்ந்திருக்கும் விதம் வேறு எங்கும் பார்த்ததில்லை. பேசமாட்டார்கள். ஒடிந்த தாளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"நிறுத்து! நிறுத்து!"

ஆயாவின் குரல். வண்டியே விழித்துக்கொண்டது. நாற்பது கைப்பேசிகள் ஜன்னலுக்கு ஏறின. ஓட்டுநர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார், வேறு வழியில்லை, சாலை முழுக்க மாடுகள். கருஞ்சாம்பல் நிறம், பின்னால் போன கொம்பு, மங்கிய வெளிச்சத்தில் முகப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றன. "மாடு" என்று ஒருவர் அலுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வழிகாட்டி மைக்கை எடுத்தான், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டான்.

ஆயா தன் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கப் பார்த்தார். குளிர்சாதன வண்டி, திறக்காது. எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து, வாசல் படியில் நின்றார். இறங்கக் கூடாது என்று தம்பி சொல்லவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். சாணியும் சருகும் கலந்த வாசனை உள்ளே வந்தது. ஆயா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினேழு" என்றார். பிறகு, கோலோடு கடைசியில் வந்தவரிடம் சத்தமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, பட்டி எங்க போட்டிருக்கறீங்க?"

அவர் நின்று பேருந்தை ஏற இறங்கப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கங்க ஆயா போடறது? இப்பல்லாம் ஊட்டுக்கே ஓட்டிக்கிட்டு வந்துடறது."

"நைட்டுக்குத் தீனி?"

"வெலைக்குத்தான்" என்றார். கோலை ஒரு மாட்டின் முதுகில் லேசாக வைத்தார். சாலை மெதுவாக விலகியது.